நான் போடச் சொன்ன பூஜ்யம்

என் பெயர் அச்சான தடித்த அறிக்கை ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அதன் முதுகு சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தால் எனக்கு உடனே காபி போடப் போகவேண்டும் என்று தோன்றிவிடும். அதன் நடுவில் ஓர் அட்டவணை உண்டு. பல நாடுகள், அவற்றுக்குள் சில வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண். நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு நேரே இருப்பது ஏறக்குறைய பூஜ்யம். அந்த அட்டவணையிலேயே சிறிய எண் அதுதான். அதற்காகத்தான் என்னைப் பாராட்டினார்கள்.

நான் பொருளாதார ஆராய்ச்சி செய்கிறவன். சென்னையில் வேலை. மத்திய வங்கி வட்டியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது சாதாரண வீடுகளுக்குள் எந்த மட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அபிராமம் பக்கத்தில் மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற என் அய்யாவிடம், அதாவது அப்பாவிடம், ஒரு தடவை இதை விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “வட்டியக் கூட்டுறவன் ஒருத்தன், விலைய ஏத்துறவன் ஒருத்தன். அதப் பாத்து எழுதுறதுக்குச் சம்பளம் வாங்குறவன் நீயாக்கும்?” என்றார். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

பெருந்தொற்றுக்குப் பிறகு உலகம் முழுக்க விலைவாசி ஏறி, ஒவ்வொரு நாட்டு மத்திய வங்கியும் வட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு. விலை அடங்கிவிடும் என்று ஜனங்கள் நம்பினால் பாதி வேலை முடிந்தது. ஏறும் என்று நினைக்கிறவன் இன்றைக்கே வாங்கிக் குவிப்பான், கூலி கூடக் கேட்பான், அதனாலேயே விலை ஏறும். ஆகவே ஜனங்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியவேண்டும். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஒரே கேள்வியை எல்லா நாட்டிலும் கேட்பதென்று முடிவாயிற்று. ‘அடுத்த வருஷம் இதே நாளில் விலைவாசி இப்போதைவிட நூற்றுக்கு எத்தனை கூடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ அவ்வளவுதான் கேள்வி.

இந்தியாவில் எந்த ஊரில் கேட்பது என்ற பேச்சு வந்தபோது நான் முந்திக்கொண்டேன். எங்கள் மாவட்டக் கடற்கரைக்கும் இலங்கைக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறு கடல். இரண்டு பக்கமும் அதே மீன், அதே தமிழ். நோட்டு மட்டும் வேறு, அதை அச்சடிக்கிற வங்கி வேறு. அக்கரையில் அப்போது ரூபாய் சரிந்து, பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றேன். கணினித் திரையில் இருந்த முகங்கள் எல்லாம் தலையாட்டின. “அது என் மண். அந்த ஜனங்களை எனக்குத் தெரியும்” என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னேன். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இத்தனை வெட்கப்படவேண்டியிருக்காது.

பெரியபட்டினத்தில் எனக்குத் துணையாகக் கிடைத்தவர் ஒரு தெருவுக்கே படிவம் எழுதிக் கொடுக்கிற அம்மாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் தோஹாவில் வண்டி ஓட்டுகிறார். வங்கி, பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சேர்க்கை, எதுவானாலும் பெண்கள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவார். காசு வாங்கமாட்டார். முடித்ததும் “வாசிச்சுக் காட்டட்டுமா?” என்று கேட்பார். “நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நானே பலமுறை பார்த்தேன். தெருவில் எல்லோருக்கும் அவர் லாத்தா. அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு நாளில் எனக்கும் லாத்தா ஆகிவிட்டார். நான் சாரிலிருந்து தம்பி ஆனேன்.

முதலில் போனது லாத்தாவின் வீட்டுக்கு எதிரே பச்சைக் கதவு வைத்த வீடு. அந்த வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். பதில் சொன்னது அவர் மனைவி. லாத்தா அவரை மாமி என்று கூப்பிட்டார். அரிசி, எண்ணெய், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாக் கேள்விக்கும் மாமி மளமளவென்று பதில் சொன்னார். கடைசியில் நம் கேள்வி வந்தது.

“அடுத்த வருசம் விலை எம்புட்டுக் கூடும்னு நெனைக்கிறீக மாமி?” என்று லாத்தா கேட்டார்.

“அது அல்லாஹ்வுக்குத்தான தெரியும்.”

“உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்க. நூத்துக்கு எத்தன?”

“ஏம்மா, நாளைக்கு நடக்கப்போறதுக்கு நானா நம்பர் சொல்றது? ஏறும்னு வாயால சொல்லி நானே ஏத்திவிடவா? இன்ஷா அல்லாஹ், நல்லபடியா இருக்கும்னு போடு.”

அடுத்த வீட்டிலும் இதே கதை. அதற்கடுத்த வீட்டில் இன்ஷா அல்லாஹ்வோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்து வந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரை நான் ஆர்வக்கோளாறில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கடலுக்குப் போறவன நிறுத்தி, நாளைக்கு என்ன ஆகும்னு கேக்குறீகளே, எந்த ஊரு சார் நீங்க?” என்றார்.

எண் சொல்லவில்லையே தவிர, எதிர்பார்ப்பு இல்லாத வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. அதையும் என் கண்ணால்தான் பார்த்தேன். மாமியின் வீட்டு மூலையில் புது நைலான் வலை கட்டுக் கட்டாகப் பிரிக்காமல் கிடந்தது. “அடுத்த மாசம் இந்த விலைக்கு வாங்க முடியாது, அதான்” என்றார் லாத்தா. நோன்புக்கு வேண்டிய அரிசியை நான்கு மாதத்துக்கு முன்பே வாங்கி வைத்தவர்கள் இருந்தார்கள். வளைகுடாவில் கணவர் இருக்கிற வீடுகளில் இன்னும் சூட்சுமம். “ரேட்டு ஏறுற மாதிரி இருக்கு, ரெண்டு நாள் பொறுத்து அனுப்புங்க” என்று பெண்கள் போனில் சொல்வதைக் காதாரக் கேட்டேன். அமெரிக்காவில் வட்டி கூடினால் டாலர் ஏறும், டாலரோடு கட்டிப்போட்ட ரியாலும் ஏறும், அப்போது அனுப்பினால் நம் ரூபாய் கூடக் கிடைக்கும். இதை எனக்கு வகுப்பில் ஒரு பேராசிரியர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். லாத்தா பருப்பு களைந்துகொண்டே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். “அங்கிட்டு வட்டியக் கூட்டுனா இங்கிட்டுப் பணம் கொழுத்து வருது தம்பி. ஆனா வந்து சேர்றதுக்குள்ள எண்ணெ விலையும் ஏறிப்போகுது. வந்ததும் சரி, போனதும் சரி.”

இதையெல்லாம் எழுத, லாத்தா டேப்லெட்டில் நிரப்பிய என் படிவத்தில் இடம் இல்லை. இருந்தது ஒரு கட்டம், அதில் ஓர் எண். பதில் வராவிட்டால் ‘தெரியாது’ என்பதற்கு ஒரு குறியீடு கொடுத்திருந்தார்கள். ஆனால் கையேட்டில் இன்னொரு விதியும் இருந்தது. ஒரு வட்டாரத்தில் ‘தெரியாது’ அளவுக்கு மிஞ்சிப் போனால் அந்த வட்டாரத்தையே ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தேன். தெருவில் பாதிக்குமேல் ‘தெரியாது’. வட்டாரம் போனால் என் ஒப்பீடு போகும். ஒப்பீடு போனால் ஆய்வில் எனக்கு வேலையே இல்லை.

அபிராமத்தில் எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அளந்து முடியும்வரை இத்தனை மூட்டை வரும் என்று வாயைத் திறக்கக் கூடாது. பத்து வயதில் நான் வயலில் நிற்கிற பயிரைப் பார்த்து “இந்த வருசம் நாப்பது மூடை வரும்” என்று சொல்லி அய்யாவிடம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். அந்த வருஷம் எத்தனை மூட்டை வரும் என்று அய்யாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் சாக்கு வாங்கி வைத்திருந்தார். தெரிவது வேறு, சொல்வது வேறு. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகு சொல்லும்.

அப்படியும் மூன்றாம் நாள் சாயங்காலம் லாத்தாவிடம் சொன்னேன். “‘தெரியாது’ன்னு போட்டதையெல்லாம் பூஜ்யம்னு மாத்திருங்க லாத்தா.”

அவர் கையிலிருந்த டேப்லெட்டைக் கீழே வைத்தார். “பூஜ்யம்னு யாரும் சொல்லலையே தம்பி.”

“ஏறும்னும் சொல்லலையே. ஏறும்னு சொல்லலைன்னா ஏறாதுன்னு தான அர்த்தம்?”

“அப்படியா அர்த்தம்?”

“ஆராய்ச்சியில அப்படித்தான்.”

ஆராய்ச்சியில் அப்படி இல்லை. எந்த ஆராய்ச்சியிலும் அப்படி இல்லை. லாத்தா, “அவுக சொல்லாத ஒண்ண அவுக சொன்னதா நான் எழுதுனா, அது பொய்ச்சாட்சி ஆயிராதா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். பொய்ச்சாட்சி அவர் மார்க்கத்தில் எத்தனை பெரிய பாவம் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையவேண்டும்போல இருக்கிறது. “இதுக்கெல்லாம் அப்படிச் சொல்லமாட்டாக லாத்தா, இது வெறும் கணக்கு” என்றேன்.

“சரி, உங்களுக்குத் தெரியாததா” என்று அவர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வீடாகத் திறந்து ஒவ்வொரு பூஜ்யமாகப் போட்டார். நான் அவர் வைத்த தொதல் இனிப்பைத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணை வந்தது. அக்கரையின் எண் மலை மாதிரி நின்றது. மற்ற நாடுகளில் எல்லாம் ஏற்றம். எங்கள் கடற்கரை மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. எனக்கே ஒரு கணம் அது உண்மைபோலத் தோன்றியது. பூஜ்யம் கிடைத்தபின் காரணம் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. வட்டி முடிவுகள் கடைசி மீனவக் குடும்பம்வரை நம்பிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன, சிறு கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வித்தியாசம் மத்திய வங்கியின் மேலுள்ள நம்பிக்கைதான் என்று எழுதினேன். வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் அதைப் படித்தேன். தேநீர் இடைவேளையில் ஒரு பெரிய மனிதர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எளிய மக்களுக்கு இத்தனை நம்பிக்கை எப்படி வந்தது என்று கேட்டார். அவர்கள் அப்படித்தான், இயல்பிலேயே நிதானமானவர்கள் என்றேன். ஊருக்கே சாயம் பூசினேன். பதவி உயர்வும் வந்தது.

அதோடு நின்றிருக்கலாம். ஒரு தமிழ்ப் பத்திரிகை கேட்டதென்று கட்டுரை ஒன்று எழுதிக் கொடுத்தேன். ‘விலை ஏறாது என்று நம்பும் கடற்கரை’ என்று தலைப்பு. ஊர்ப் பெயரையும் போட்டேன், பெருமையாக இருக்கட்டும் என்று.

பல மாதம் கழித்து அச்சான அறிக்கையில் ஒரு பிரதியும் ஒரு இனிப்புப் பெட்டியுமாகப் பெரியபட்டினம் போனேன். லாத்தா வாங்க தம்பி என்றுதான் வரவேற்றார், தேநீர் கொடுத்தார், பிள்ளைகளை விசாரித்தார். ஆனால் வீடு என்னவோபோல இருந்தது. முன்பு போயிருந்தபோதெல்லாம் வாசலில் இரண்டு பேராவது காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அன்று ஒருவரும் இல்லை.

“ஆளுக வரக் காணோமே லாத்தா?”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுத்தான் சொன்னார். என் கட்டுரையை யாரோ தோஹாவில் படித்திருக்கிறார்கள். அது வாட்ஸ்அப்பில் ஏறி, வளைகுடா முழுக்கச் சுற்றி, தெருவிலிருக்கிற ஆண்கள் ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. “வெல ஏறாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீகளாமே, பெறகு எதுக்கு மாசாமாசம் கூட அனுப்பச் சொல்றீக?” என்று வீட்டுக்கு வீடு போனில் கேள்வி. பாதி விளையாட்டாகக் கேட்டிருப்பார்கள். மீதிப் பாதி விளையாட்டாக இல்லை. ஒரு வீட்டில் சண்டையே வந்துவிட்டது. நாங்கள் எப்போது அப்படிச் சொன்னோம் என்று பெண்கள் எல்லோரும் லாத்தாவிடம் வந்து நின்றார்கள்.

“நீங்க என்ன சொன்னீக?” என்று கேட்டேன்.

“நாந்தான் பூஜ்யம் போட்டேன்னு சொன்னேன். நான்தான போட்டேன்?”

“நான் போடச் சொன்னேன்னு சொல்லலையா?”

“கை என்னோடது தம்பி.”

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் பச்சைக் கதவு மாமி உள்ளே வந்தார். கையில் வங்கிப் படிவம். தனக்குப் பின் கணக்கு யாருக்கு என்று நாமினி பெயர் எழுதவேண்டுமாம், அன்றைக்கே கொடுக்கவேண்டுமாம், எழுத வேறு ஆள் கிடைக்கவில்லையாம். அதை அவர் மறைக்கவும் இல்லை. லாத்தா படிவத்தை வாங்கி எழுதினார். முடித்ததும், வாசிக்கட்டுமா என்று வழக்கம்போலக் கேட்டார். மாமி படிவத்தை வாங்கி என் பக்கம் நீட்டினார்.

“சார், நீங்க பெரிய ஆபீசுல இருக்கவுக. இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. எழுதுனவன் ஏட்டக் கெடுத்தாம்பாக. நாமினின்னு எம் மக பேருதான இருக்கு?”

லாத்தா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினார். அவர் எழுதியதைச் சரிபார்க்க என்னிடம் கொடுக்கிறார்கள். நான் படிவத்தை வாங்கினேன். வாங்காமல் “மாமி, ஏட்டைக் கெடுத்தவன் நான்” என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல்கூட இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அழகாக வாசித்தேன். “எல்லாம் சரியா இருக்கும்மா. மக பேருதான் இருக்கு” என்றேன். நீதிபதி தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது என் குரல். மாமி திருப்தியாக எழுந்து போனார்.

லாத்தா என்னைப் பார்க்கவே இல்லை. “இன்னொரு டீ குடிக்கிறீகளா தம்பி?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அறிக்கையைக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். இனிப்பை மட்டும் வைத்துவிட்டு வந்தேன் என்பது இன்னும் கேவலம்.

சென்னை வந்ததும் ஆய்வின் தலைமைக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் வட்டாரத்து எண் தவறு, ‘தெரியாது’ என்ற பதில்கள் பூஜ்யமாகப் பதிவாகிவிட்டன என்று. ‘பதிவாகிவிட்டன’ என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். யார் பதிந்தார்கள், யார் பதியச் சொன்னார்கள் என்பது அதில் கிடையாது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். திருத்தக் குறிப்பு ஒன்று வெளியிடலாம், வாசகம் கீழே இருக்கிறது, ஒப்புதல் தந்தால் போதும் என்றார்கள். வாசகம் ஆங்கிலத்தில் இரண்டே வரி. இந்த வட்டாரத்தின் எண் நீக்கப்படுகிறது. காரணம், உள்ளூர்க் களப்பணியாளர் பதிவு செய்ததில் நேர்ந்த பிழை.

உள்ளூர்க் களப்பணியாளர் என்று அந்தத் தெருவில் இருந்தது ஒரே ஒருவர்தான்.

இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஒப்புதல் என்ற இடத்தில் அழுத்தினேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, அங்கே யார் படிக்கப்போகிறார்கள், எண் நீங்கினால் போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பூஜ்யத்தையாவது அவசரத்தில் போடச் சொன்னேன் என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு அதுவும் இல்லை.

அப்படி அழுத்தியவன் சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. நல்லவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. லாத்தாவுக்குப் போன் செய்து, திருத்தம் போட்டுவிட்டார்கள், அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். குரல் அப்படியே மலர்ந்துவிட்டது. “நீங்க செய்வீகன்னு எனக்குத் தெரியும் தம்பி. அதத் தமிழ்ல எழுதி எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும் கூப்பிட்டு வச்சு வாசிச்சிருவோம். அச்சுல வந்ததக் கேட்டாத்தான் நம்புவாக.”

போனை வைத்தபிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழில் எழுதுவது நான்தானே, களப்பணியாளர் என்ற இடத்தில் ஆய்வாளர் என்று மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று என் புத்தி போயிற்று. பிறகுதான் உறைத்தது. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதுகிற அதே வேலையை மூன்றாம் தடவை செய்யப் பார்க்கிறேன். அன்றைக்கே இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்த முறை ‘நான்’ என்று ஆரம்பித்தேன். பூஜ்யம் போடச் சொன்னது நான், களப்பணியாளர் ஆட்சேபித்தார், ஆராய்ச்சியில் அப்படித்தான் என்று பொய் சொல்லி எழுதவைத்தேன். பதில் சுருக்கமாக வந்தது. வெளியான குறிப்பை மாற்ற நாளாகும், அடுத்த சுற்று ஆய்வில் நான் இருக்கவேண்டியதில்லை. நியாயம்தான்.

நாளாகும் என்பதால் காத்திருக்க முடியவில்லை. வெளியான குறிப்பை உள்ளபடியே தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பெண்கள் வந்தார்கள். லாத்தாவின் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மாமி சுவரோரம் இருந்தார். லாத்தா இருந்ததில் நல்ல சேலை கட்டியிருந்தார்.

வாசித்தேன். களப்பணியாளர் பிழை என்ற இடம் வந்ததும் கூடத்தில் ஒரு சலசலப்பு. லாத்தாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

“இதுவும் பொய்” என்றேன். என் குரல் தீர்ப்புச் சொல்லுகிற குரலாக இல்லை. “இப்படிப் போடலாம்னு கேட்டாக, நாந்தான் சரின்னு சொன்னேன். பூஜ்யம் போடச் சொன்னதும் நான். பூஜ்யம்னு யாரும் சொல்லலையேன்னு லாத்தா சொன்னாக. பொய்ச்சாட்சி ஆயிராதான்னு கேட்டாக. ஆராய்ச்சியில இப்படித்தான்னு பொய் சொல்லி எழுத வச்சேன். பத்திரிகையில எழுதுனதும் நான். நீங்க யாரும் வெல ஏறாதுன்னு சொல்லல. இந்தத் தப்புல லாத்தாவுக்குப் பங்கே இல்ல. மாத்தி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கேன், இன்னும் மாத்தல.”

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுகூட நினைத்திருந்தேன். அந்தத் தயவை அவர்கள் எனக்குச் செய்யவில்லை. மாமிதான் வாயைத் திறந்தார். முகத்தில் திடீரென்று ஒரு கலக்கம்.

“அப்ப அன்னைக்கு எம் பேங்கு பாரத்த வாசிச்சுச் சொன்னீகளே சார். மக பேருதான் இருக்குன்னு. அது நெசந்தானா?”

நிஜம்தான் என்று சொல்ல நாக்கு வரையில் வந்தது. என் வாயால் நிஜம் என்று சொன்னால் அதற்கு அந்தக் கூடத்தில் என்ன மதிப்பு என்று தெரியாமல் நின்றேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு லாத்தாவைப் பார்த்தார். மாமியின் முகத்தில் இருந்த கலக்கம் மெல்லப் போயிற்று.

“இவர்ட்ட எதுக்குக் கேக்குறேன்” என்றார். “அத எழுதுனது நீதான. சரியாத்தான் இருக்கும்.”

பிறகு மடியிலிருந்து மடித்துவைத்த காகிதம் ஒன்றை எடுத்து லாத்தாவிடம் நீட்டினார். ஏதோ பள்ளிக்கூட விண்ணப்பம். லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். மாமி சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்து, வாசிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமி கையெழுத்துப் போட்டார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதையும் நீட்டவில்லை.